ஐந்து வெட்டு

ஏப்ரல் 12, ஞாயிறு

போனைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு. காரணத்தை எழுதப் போவதில்லை. இது நாட்குறிப்பு, கோர்ட் இல்லை.

தமிழில் எழுதுவதற்கான காரணத்தை வேண்டுமானால் சொல்கிறேன். மிசௌரி மாநிலத்தின் இந்த மூலையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருத்தி நான். அம்மாவுக்கு என் கையெழுத்து புரியாது. அப்பா அடுத்தவர் எழுதியதைத் தொடமாட்டார். பேங்க் லாக்கருக்குக்கூட இவ்வளவு பாதுகாப்பு கிடையாது.

பெயர் பவதாரிணி, வயது பதினைந்து. பள்ளியில் பவா என்று தொடங்கி, வாய் வலித்து, பாப் என்று முடித்துவிட்டார்கள். இங்கே பாப் என்பது வழுக்கைத் தலை மாமாக்களின் பெயர். மூன்று வருடமாக நான் ஒரு வழுக்கை மாமா.

அப்பா பெயர் செங்கோட்டுவேல். நாமக்கல்லில் கோழி டாக்டர், இங்கே வான்கோழி டாக்டர். ஒரு கம்பெனியின் பண்ணைகளைச் சுற்றி வருவார். அவருடைய மேலாளர் கர்ட்டிஸ் அவரை "டாக்" என்றுதான் கூப்பிடுவார். டாக்டரில் பாதியா, நாயில் முழுசா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்று மதியம் அந்தக் கர்ட்டிஸ் ஒரு நீளப் பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே துப்பாக்கி. வருகிற இருபதாம் தேதி காட்டு வான்கோழி சீசன் தொடக்கமாம். "இது என் பழைய துப்பாக்கி. இரவல். நீயும் வர்றே, டாக்," என்றார். அப்பா சிரித்த சிரிப்பில் காது இரண்டும் பின்னால் போய்விட்டன.

கர்ட்டிஸ் போன பிறகும் அதே முகம்தான். "மூணு வருசத்துல இப்பத்தான் மொதத் தடவ கூப்புட்டிருக்காங்க, அம்மிணி," என்றார் என்னிடம்.

"ஏனுங்க, கூப்புட்டாப் போயிரோணுமா?" என்றாள் அம்மா. "வாரமெல்லாம் அதுக்கு ஊசி போட்டுப் பொழைக்க வெக்கறீங்க. லீவு போட்டுட்டுப் போயிச் சுடறீங்களாக்கும்."

"அது வேற கோழி. இது வேற கோழி."

"அதுகளுக்குத் தெரியுமா அந்த வித்தியாசம்?"

அப்பா அதற்கும் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. சந்தோஷமாக இருக்கிற மனிதரைப் பார்த்தால் ஏன் எரிச்சல் வரவேண்டும் என்று யோசிக்க நேரமில்லை. கணக்கு ஹோம்வொர்க் இருக்கிறது.

ஏப்ரல் 15, புதன்

பாலில் நீலச் சாயம் கலந்து வைத்தேன். யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அதில் உறை ஊற்றிவிட்டாள். மூன்று பேரும் நீலத் தயிர் சாப்பிட்டோம். என் கைவரிசையை மதிக்காத குடும்பம்.

ஏப்ரல் 18, சனி

அப்பாவோடு வனத்துறைச் சுடுமைதானத்துக்குப் போனேன். போன வருடமே பள்ளியில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் அட்டை வாங்கிவிட்டேன், ஆகவே இந்த விஷயத்தில் வீட்டில் நான்தான் சீனியர்.

விஷயம் இதுதான். ஷாட்கன்னில் ஒரே குண்டு போகாது, நூற்றுக்கணக்கான ரவை போகும். உப்புமா ரவை இல்லை, ஈய ரவை. குழாயின் வாயில் விரல் நீளத்துக்கு ஒரு உருளையைத் திருகி மாட்டலாம். அதற்குப் பெயர் சோக். உள்ளே வாய் குறுகிய சோக் போட்டால் ரவை கூட்டமாகத் தூரம் போகும். அகலமான சோக் போட்டால் சீக்கிரமே சிதறிப் பரவும். எங்கள் வீட்டில் இடியாப்பம் பிழிகிற சந்தகைக் குழல் மாதிரிதான்: மாவு ஒன்று, அச்சை மாற்றினால் கதை மாறும். எந்தச் சோக் எது என்று இருட்டிலும் தெரிவதற்காக விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டிருப்பார்கள். ஒரு வெட்டு என்றால் மிகக் குறுகல். ஐந்து வெட்டு என்றால் குறுகலே இல்லை, வெறும் குழாய்.

கர்ட்டிஸ் தந்த டப்பாவில் மூன்று சோக் இருந்தன: ஒன்று, மூன்று, ஐந்து. "எதுனாலும் போட்டுக்கோ," என்றாராம். அப்பா எதுவானாலும் போடுகிற ஆள் இல்லை. வான்கோழித் தலை வரைந்த காகிதங்களை நாற்பது கஜத்தில் ஒட்டி, ஒவ்வொரு சோக்கிலும் ஒரு தோட்டா சுட்டு, கழுத்தைச் சுற்றிப் பத்து அங்குல வட்டம் போட்டு, அதற்குள் விழுந்த ஓட்டைகளை என்னை எண்ணச் சொன்னார். ஒரு வெட்டு, நூற்றுப் பதினெட்டு. மூன்று வெட்டு, அறுபத்தொன்று. ஐந்து வெட்டு, பத்தொன்பது.

பிறகு பத்து கஜத்தில் ஒரு காகிதம் வைத்து, ஒரு வெட்டுச் சோக்கில் சுட்டார். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரே ஓட்டை.

"பாத்தியா அம்மிணி. இது தூரத்துக்குத்தான் ஆகும். பக்கத்துல வந்துட்டா, கை துளி அசஞ்சாலும் தப்பிப் போயிரும்."

"அப்போ அஞ்சு வெட்டு?"

அந்தப் பத்தொன்பது ஓட்டைக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். தலையில் இரண்டு ஓட்டை, மற்றதெல்லாம் உடம்புப் பக்கம். "நாப்பது கஜத்துல இது பாவம். சாகவும் விடாது, பொழைக்கவும் விடாது. ரெக்க ஒடஞ்சு, சீழ் புடிச்சு, வேலியோரமா ஒரு வாரம் நடக்கும். நாம பாக்காத எடத்துல போயி விழும்."

ஒரு வெட்டுச் சோக்கைத் தேர்ந்தெடுத்து, சாவி போட்டு இறுக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதை ஏன் அழுத்தி எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் பார்த்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. கிழியட்டும்.

பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா சமையலறையில் அம்மாவுக்கு முதுகு காட்டாமல் நின்றிருந்தார். ஏன் என்று அம்மா ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். சட்டைக்குப் பின்பக்கம் இல்லை. வேட்டைச் சட்டைக்கு அடியில் போட்டிருந்த சந்தனக் கலர் சட்டை, ஈரோட்டில் எடுத்தது. இடுப்புக்கு மேலே ஒரு சாணுக்கு, கோணல்மாணலாக, கத்தியால் அறுத்திருந்தார்கள்.

"இங்கத்த வழக்கமாமா," என்றார் அப்பா. "சுட்டுத் தவறிட்டா சட்ட வாலை வெட்டி, பேரெழுதிச் சுவத்துல மாட்டுவாங்களாம். எல்லாத்துக்கும் பண்றதுதான்."

"எந்தச் சுவத்துல?"

"ஆபீஸ்ல, சாப்புடற ரூம்புல."

"சட்டைய அறுத்துவுட்டதுக்குப் பல்லக் காட்டிட்டு வந்திருக்கறீங்க," என்றாள் அம்மா. அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய்விட்டாள். அணைத்த அடுப்பில் ரசம் பாதியில் நின்றது.

நான் துப்பாக்கியைத் துடைக்கிறேன் என்று கராஜுக்கு எடுத்துப் போனேன். காலிதானா என்று இரண்டு தடவை பார்த்தேன். பிறகு வாய் விளிம்பைத் தடவினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஒரு வெட்டுச் சோக் சமர்த்தாக டப்பாவுக்குள் உட்கார்ந்திருந்தது. அது தானாக இறங்கிப் போய்ப் படுக்கவில்லை. அப்பா காபி குடிக்கும்போதோ, ஒன்றுக்குப் போனபோதோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். இது என் தொழில். அடுத்தவன் கைவேலையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

அப்பாவிடம் காட்டினேன். "நானே மாத்தி மாட்டிருப்பனாட்ட இருக்குது," என்றார்.

பொய். சுத்தமான, வெள்ளைவெளேர் பொய். எனக்குக் கர்ட்டிஸ் மேல் வந்ததைவிட அந்த நிமிடம் அப்பா மேல்தான் அதிகம் வந்தது.

ஏப்ரல் 21, செவ்வாய்

கர்ட்டிஸின் மகன் கோல் என் வகுப்பு. தமிழில் பெயரை மாற்றச் சொன்னால் கோள்மூட்டி என்று வைப்பேன். மதியச் சாப்பாட்டில் போனை நீட்டினான். சட்டை வெட்டும் வீடியோ. நான்கு ஆட்கள் சுற்றி நிற்க, அப்பா கையைத் தூக்கிக்கொண்டு, குழந்தைக்குச் சட்டை கழற்றும்போது நிற்குமே, அப்படி நிற்கிறார். சிரிக்கிறார். கத்தி போகும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார்.

பின்னணியில் ஒரு சத்தத்தை ஒட்டியிருந்தார்கள். என்ன சத்தம் என்று எழுதப் போவதில்லை.

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். கோல் என்னைப் பார்த்து, "உனக்குப் பிடிக்கும்னு நினைச்சேன், பாப்," என்றான். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 22, புதன்

கோபம். வேறொன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

அப்பா செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். பண்ணையிலிருந்து வந்தால் கிருமி வரக் கூடாதென்று பிரஷ் போட்டுத் தேய்ப்பார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அஞ்சு வெட்டு எப்பப்பா தெரியும்?"

தேய்ப்பதை நிறுத்தவில்லை. "உக்காரறதுக்கு முன்னால தடவிப் பாத்தேன். எப்பவும் பாப்பேன்ல."

"அப்போ சுடறதுக்கு முன்னாலயே தெரியும்."

"ம்."

"கேக்கவேண்டியதுதான? எவன்டா மாத்துனதுன்னு?"

"பொறத்தால நாலு பேரு உக்காந்திருக்கறாங்க. எப்படா தவறுவான்னு போனப் புடிச்சுட்டு. கேட்டா, ஒரு தமாஷைக் கெடுத்தவனாயிருவேன். சுடாம உட்டாப் பயந்தவனாயிருவேன்."

"அதனால?"

"சேவல் நாப்பது கஜத்துல நின்னுச்சு. தலைக்கு மேல ஆகாசத்தப் பாத்துச் சுட்டேன். அதும் பொழச்சுது, அவங்களும் சிரிச்சாங்க." குழாயை மூடினார். "ஒரு சட்டைதான, கண்ணு."

பாருங்கள், இதுதான் எங்கள் அப்பா. காட்டுக்கோழிக்குக் கருணை, கர்ட்டிஸுக்குக் கருணை, எல்லாருக்கும் தானம் போக, தனக்கென்று கால்படி கோபம்கூட வைத்துக்கொள்ளவில்லை. கத்தியிருந்தால், ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால், நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அவர் கோபப்படவில்லை என்றால் யாராவது படவேண்டும். ஐந்து வெட்டுச் சோக்கைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். திருகும் சாவியையும்.

ஏப்ரல் 25, சனி

செய்துவிட்டேன்.

கர்ட்டிஸ் வீட்டில் மதிய விருந்து. காலையில் வேட்டைக்குப் போனவர்கள், அவர்கள் குடும்பம், எல்லோரும். அம்மா வேலை இருக்கிறது என்று வரவில்லை. வேலை இல்லை, எனக்குத் தெரியும். அப்பா போகாமல் இருக்கமாட்டார் என்பதும் தெரியும்.

கர்ட்டிஸின் சொந்தத் துப்பாக்கி வண்டியின் பின்தட்டில் பெட்டியோடு திறந்து கிடந்தது. தோட்டா இல்லாமல், காலியாக. அப்பாவுக்குத் தந்ததும் அதே கம்பெனிதான், ஒன்றின் மரை மற்றதற்குப் பொருந்தும். எல்லோரும் இறைச்சி வாட்டும் புகைப்பக்கம் இருந்தார்கள். கழற்றப் பதினைந்து நொடி, மாட்டப் பதினைந்து நொடி. கர்ட்டிஸின் ஒரு வெட்டு என் பைக்குள். என் ஐந்து வெட்டு கர்ட்டிஸின் குழாய்க்குள். அடுத்த வேட்டையில் அவர் தவறுவார், அவர் சட்டை கிழியும், அதே சுவரில் மாட்டுவார்கள். என் வாழ்நாள் சாதனை. கைகூட நடுங்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கர்ட்டிஸ் எழுந்து கரண்டியால் பாட்டிலைத் தட்டினார்.

"டாக்குக்கு இன்னொரு வாய்ப்பு. அடுத்த சனிக்கிழமை. இந்தத் தடவை பழைய துப்பாக்கி இல்லை, என் சொந்தத் துப்பாக்கி. இருபது வருஷமாத் தவறாதது. துப்பாக்கி சரியில்லைன்னு சாக்குச் சொல்ல முடியாது பாரு." அப்பாவின் தோளில் தட்டினார். "இதுலயும் தவறினா சட்டையோட முன்பக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும். கர்ட்டிஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "இந்தத் தடவை எந்தக் கோல்மாலும் இல்லை, சத்தியமா," என்றார்.

அதுதான் கேவலம். இந்தத் தடவை அந்த மனிதர் நிஜமாகவே நேர்மையாக இருந்தார்.

நான் எழுந்து வண்டிப் பக்கம் போவதற்குள் கோல் பெட்டியை மூடி வீட்டுக்குள் எடுத்துப் போய்விட்டான். துப்பாக்கி அலமாரிக்கு எண் பூட்டு. சனிக்கிழமை விடிகாலை வரை அது வெளியே வராது.

ஏப்ரல் 26, ஞாயிறு

கணக்கு வாத்தியார் சொல்வார், விடை தெரியாவிட்டால் தெரிந்ததை எழுது என்று.

தெரிந்தது: சனிக்கிழமை அப்பா இருட்டில் விளிம்பைத் தடவுவார். ஐந்து வெட்டு இருக்கும். கர்ட்டிஸ் மறுபடி ஏமாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொள்வார். வாயைத் திறக்கமாட்டார். ஆகாசத்தைப் பார்த்துச் சுடுவார். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். இந்தத் தடவை கத்தியை எடுத்துக் கொடுத்தவள் நான்.

தடுக்க ஒரே வழி, அப்பாவிடம் சொல்வது. சோக்கைச் சொன்னால், ஏன் என்று கேட்பார். ஏன் என்பதைச் சொன்னால், வீடியோவைச் சொல்லவேண்டும்.

சரி. எழுதித் தொலைக்கிறேன்.

மார்ச் கடைசியில் அப்பா குளியலறையில் பல் விளக்கிக்கொண்டே வான்கோழி மாதிரிக் கத்திப் பார்த்தார். பண்ணையில் அவர் கத்தினால் ஆயிரம் சேவல் ஒரே குரலில் பதில் சொல்லும். அந்தப் பெருமை அவருக்கு. வாயில் நுரை, தோளில் துண்டு, கண்ணாடிக்கு முன்னால் கழுத்தை நீட்டி நீட்டிக் கத்துகிறார். கதவு இடுக்கில் நான் படம் பிடித்து, பள்ளிக் குழுவில் போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். மறுநாள் கோலின் மேசையில் எனக்கு இடம் கிடைத்தது. கோல் அதைத் தன் அப்பாவிடம் காட்டினான். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி அந்த அப்பா நீளப் பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். சட்டை வீடியோவுக்குப் பின்னால் ஒட்டிய சத்தமும் அதுதான்.

அம்மா கண்டுபிடித்து அழிக்க வைத்தாள். போனைப் பிடுங்கினாள். அப்பாவிடம் சொல்லமாட்டேன் என்றாள். "தெரிஞ்சா அந்த மனுசன் தாங்கமாட்டாரு. நீயா ஒருநாள் சொல்லு."

மூன்று வருடத்தில் முதல் முறையாக அப்பாவைக் கூப்பிட்டார்கள். ஏன் கூப்பிட்டார்கள் என்று இந்த வீட்டில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்று சொல்லப் போனேன். அப்பா, சனிக்கிழமைக்கு அம்மா ரவா லட்டு கட்டித் தருவாளா என்று கேட்டார். கர்ட்டிஸ் வீட்டுக்குக் கொடுக்க. சொல்லவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

கோலிடம் அலமாரிப் பூட்டின் எண்ணைக் கேட்டேன். சிரித்தான். அவனைத் திட்டினேன். எதற்குத் திட்டுகிறேன் என்று கேட்டான். அது சரியான கேள்வி என்பதால் இன்னும் திட்டினேன்.

மே 1, வெள்ளி

அம்மா லட்டு கட்டவில்லை. அப்பா கடையில் கேக் வாங்கி வந்தார். "நீயும் வா அம்மிணி, ஒரு பலத்துக்கு," என்றார். நான்தான் பலமாம்.

மே 2, சனி

வண்டி வீட்டைவிட்டுக் கிளம்பியபோது நாலே முக்கால். கேக் என் மடியில். கர்ட்டிஸ் வீடு பன்னிரண்டு மைல். பாதி வழிவரை சாலையோரப் பலகைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தேன். பாலத்தைத் தாண்டியதும், "அப்பா, வண்டிய நிறுத்துங்க," என்றேன்.

"வாந்தி வருதா?"

"ஆமா. வாந்தி இல்ல, வார்த்தை."

ஓரம் கட்டினார். என் பையிலிருந்து ஒரு வெட்டுச் சோக்கை எடுத்து, மீட்டர் வெளிச்சத்தில் நீட்டினேன்.

"என்ன இது?"

"கர்ட்டிஸோடது. அவரு துப்பாக்கில இப்ப அஞ்சு வெட்டு இருக்குது. நான்தான் மாத்துனேன். அவரு தவறணும்னு. அதை உங்களுக்குக் குடுப்பாருன்னு தெரியாது."

எஞ்சினை அணைத்தார்.

"ஏன்?"

"அவங்க உங்களுக்குப் பண்ணுனாங்கள்ல."

"நான் உன்னக் கேட்டனா?" அப்பா குரல் அது இல்லை. அதற்குள் வேறு யாரோ இருந்தார். "அடுத்தவன் துப்பாக்கியத் தொடலாம்னு எந்த வகுப்புல சொல்லிக்குடுத்தாங்க உனக்கு?"

"அப்பா..."

"அவன் இந்த வாரத்துல எடுத்துட்டுப் போயிருந்தா? நாப்பது கஜத்துல அவன் நம்பிச் சுட்டிருந்தா? எத்தன ஓட்டைன்னு நீதான எண்ணுனே?"

"பத்தொம்பது."

"தெரிஞ்சுதான் பண்ணியிருக்கறே. தெரியாமப் பண்ணுனா அது வேற. அந்தக் கோழி உன்ன என்ன பண்ணுச்சு? அது உன் சட்டைய வெட்டுச்சா?" ஸ்டியரிங்கை உள்ளங்கையால் அடித்தார். ஒரே ஒரு அடி. ஹாரன் கத்திவிட்டது. இருவரும் திடுக்கிட்டோம்.

இத்தனை நாள் இந்தக் கோபத்துக்காகத்தான் காத்திருந்தேன். அது வந்து நின்ற திசையைத்தான் நான் யோசித்திருக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்குதுங்கப்பா."

"வீடியோவா?"

கேக் பெட்டியின் மூலை என் கையில் நசுங்கியது.

"அம்மா சொல்லிட்டாளா?"

"கர்ட்டிஸ் காட்டுனான். நம்மூட்டுக்குத் துப்பாக்கி கொண்டாந்தானே, அதுக்கு ரெண்டு நாளு முந்தி. ஆபீஸ்ல, எல்லாத்துக்கும் முன்னால."

"தெரிஞ்சுமா அவ்ளோ சிரிச்சீங்க? கூப்புட்டுட்டாங்கன்னு?"

"எதுக்குக் கூப்புட்டா என்ன, கூப்புட்டாங்கல்ல. ஒருக்காக் கூடப் போனாப் பழகிரலாம்னு நெனச்சேன்." கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "அவங்க சிரிச்சாங்க. அவங்க யாரோ. எனக்கு அதுல ஒண்ணுமில்ல. அந்த வீடியோல ஆளு நான் மட்டுந்தான் தெரியறேன். ஆனா பின்னால ஒரு சிரிப்புச் சத்தம் கேக்குது பாரு, வாயப் பொத்திட்டுச் சிரிக்கறது. அது உன்னுது. அத எனக்கு எங்கியும் தெரியும்."

நான் என்னவெல்லாம் சொல்லலாம் என்று இப்போது எழுதும்போது நிறையத் தோன்றுகிறது. அப்போது சோக்கை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வண்டியைக் கிளப்பினார். வீட்டுப் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

கர்ட்டிஸ் வாசல் விளக்கடியில் காபிக் குவளையோடு நின்றார். கோல் பக்கத்தில். துப்பாக்கிப் பெட்டி வண்டித் தட்டில். அப்பா இறங்கி, "என் மகள் ஒன்று சொல்லவேண்டும்," என்றார். வேறு முன்னுரை இல்லை.

சொன்னேன். கர்ட்டிஸ் பெட்டியைத் திறந்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். கோலும் சிரித்தான்.

"என் துப்பாக்கியிலேயேவா? பாப், நீ எங்க ஆளும்மா. டாக், உன் பொண்ணு எங்க ஆளு."

மூன்று வருடமாக நான் காதில் விழக் காத்திருந்த வாக்கியம். காபி வாசத்தோடு வந்து விழுந்தது. துடைத்துப் போடவேண்டும் போல இருந்தது.

"சிரிக்காதீங்க, கர்ட்டிஸ்," என்றார் அப்பா.

அவர் ஆங்கிலம் எப்போதும் மெதுவானது. இன்று இன்னும் மெதுவாக இருந்தது. "அவள் செய்தது தப்பு. அதைச் சொல்லத்தான் கூட்டி வந்தேன். அவளைச் சொல்ல வைத்துவிட்டு உங்களை விட முடியாது. முதல் நாள் என் சோக்கை மாற்றியது நீங்கள். சுடுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்."

கர்ட்டிஸின் குவளை பாதி வழியில் நின்றது. "அது ஒரு விளையாட்டு, டாக். புதுசா வர்ற எல்லாருக்கும் பண்றதுதான். ஒரு ஜோக்கைத் தாங்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியாது."

அப்பா தொடர்ந்தார். "இத்தனை நாள் தெரிந்தது போல இருந்தேன். என் மகள் அதைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறாள். அந்தத் துணி திங்கட்கிழமை சுவரில் இருக்கக் கூடாது. இருந்தால் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் நானே வந்து கழற்றுவேன்."

"நான் உன் மேலாளர், டாக்."

"அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்."

என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சாவி போட்டு ஐந்து வெட்டைக் கழற்றி, ஒரு வெட்டை மாட்டி இறுக்கினேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அரை நிமிட வேலைக்கு அரை ஜென்மம் ஆனது. சாவி இரண்டு தடவை நழுவியது, எழுதிவைக்கிறேன். அப்பா இரவல் துப்பாக்கியையும் டப்பாவையும் எங்கள் வண்டியிலிருந்து எடுத்து, அவர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். கர்ட்டிஸ் வீட்டுக்குள் போய்விட்டார். கம்பிக் கதவு இரண்டு தடவை அடித்துக்கொண்டது.

திரும்பும்போது விடிந்துவிட்டது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சேவல் கத்தியது, நிஜக் காட்டுச் சேவல். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"இப்ப எங்கிட்டப் பேசாத," என்றார்.

மே 3, ஞாயிறு

பேசவில்லை. நானும் பேசவில்லை. அம்மா, "ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டே திரிங்க, சோத்துக்கு மட்டும் எறக்கி வெய்யுங்க," என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "ஏனுங்க, தெரியாதுன்னா சொன்னீங்க அவங்கிட்ட?" என்றாள். அப்பா, "ம்" என்றார். அம்மா அவர் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். என் தட்டில் போடவில்லை.

மே 4, திங்கள்

காலையில் அப்பா வேலைக்குப் போனார். என்னைப் பார்க்காமல்தான் போனார்.

மதியம் கோலின் மேசையில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்: அந்த வான்கோழி வீடியோவை எடுத்தவள் நான், அதில் கேட்கும் சிரிப்பு என்னுடையது, யார் போனிலாவது இருந்தால் இப்போதே அழிக்கவேண்டும். இரண்டு பேர் அழித்தார்கள். ஒருத்தி, "ரொம்பப் பண்ணாதே, பாப்," என்றாள். என் பெயர் பவதாரிணி என்றேன். எழுத்துக்கூட்டிக் காட்டினேன். யாருக்கும் வரவில்லை. பரவாயில்லை, வரும்வரை சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன்.

தட்டை வைத்துவிட்டுக் கிளம்பும்போது கோல் பின்னாலேயே வந்தான். முகத்தில் கிண்டல் இல்லை.

"அந்தத் துணியை நேத்தே எங்கப்பாவே போய்க் கழற்றிட்டார்," என்றான். "வீட்ல யார்கிட்டயும் பேசறதில்ல. எங்கப்பா பயங்கரக் கோபத்துல இருக்கார்."

"எங்கப்பாவும்தான்," என்றேன்.